குடத்துக்குள் ஒரு கடல்



உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது கடல்நீர் ஆகிவிடுமா? சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று தோன்றும். ஆனால் ஐரோப்பிய அறிஞர்கள் இதற்கு முழு விடை காண அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இன்று ஜோர்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் சிலர், தங்க மீனோடு நிறைவடையாமல் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தோட்டத்து லயத்திலும் இந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. ஒரு வாரச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய மீன் மறுநாள் காலையில் மிதந்தால் மனம் என்ன பாடுபடும்? ஆகவே, கடல்நீரை வீட்டில் கலக்கவும் சேமிக்கவும் மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் உப்பளத்துக்குப் போய் வருவோம். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பு விளையும் முறையை நம் பெரியவர்களில் சிலர் நேரில் பார்த்திருப்பார்கள். கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் வற்ற விடுகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட, சுண்ணாம்புச் சத்து முதலில் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதற்குப் பிறகுதான் நாம் சோற்றில் போடும் உப்பு பூக்கிறது. பாத்தி முழுவதும் காயும்வரை காத்திருப்பதில்லை. எஞ்சிய நீரை வடித்து வெளியேற்றி விடுகிறார்கள். அந்த நீர் வாயில் வைக்க முடியாத கசப்பு. மக்னீசியமும் பொட்டாசியமும் அதிலே தங்கியிருக்கின்றன.

ஆகச் சமையலறை உப்பு என்பது கடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி மட்டுமே. சுண்ணாம்பு முன்னதாகவே போயிற்று. கசப்பு பின்னால் வடிந்து போயிற்று. நடுவில் நின்றதை மட்டும் மூட்டை கட்டுகிறோம். அதைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கரிப்பு வரும், கடல் வராது. சந்தை உப்பைக் கரைத்துக் கடல் மீனை விட்டவர்களின் தொட்டி வெறுமையானதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பினாங்குக்கு வருவோம். 1849-ஆம் ஆண்டில் தியோடர் கேன்டர் என்ற டேனிஷ் மருத்துவர் மலாயா மீன்களின் பட்டியல் ஒன்றை வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பினாங்கில் பணியாற்றியவர் அவர். இக்கடல்களின் மீன்களைப் பற்றிய தொடக்க கால ஆராய்ச்சிகளில் அது முக்கியமானது. ஆனால் அக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் மீனைச் சாராய ஜாடியில் ஊறவைத்துத்தான் பார்த்தார்கள். நிறம் வெளுத்து, கண் பூத்துப் போன மீன் அது. கடல் வாசலிலேயே கிடந்தது. எனினும் உயிருள்ள மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் எண்ணம் இங்கே எழவில்லை. அந்த எண்ணம் கடலைக் கண்ணால் காணாத லண்டன் நகரத்தின் நடுவிலே பிறந்தது. இல்லாதவன்தானே வழி தேடுவான்!

1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள டார்க்கீ என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே கிடைத்த பவளப் பூச்சிகள் சிலவற்றை உயிரோடு லண்டனுக்குக் கொண்டுவர விரும்பினார். ஜாடிக்குள் உருண்டு அடிபடாமல் இருக்க, அவற்றை ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்துக் கொண்டுவந்தாராம். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. கையிலிருந்த கடல்நீர் கொஞ்சம். மாற்றுவதற்கு வேறு இல்லை. அதனால் அந்த நீரையே நாள்தோறும் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். டீக்கடைக்காரர் ஆற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் காற்று கலந்தது. பவளப் பூச்சிகள் பிழைத்தன. மறு ஆண்டு கடற்பாசியையும் சேர்த்து வைத்தார்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போவது நியாயமாகாது. அரைமணி முதல் முக்கால்மணி நேரம் வரை கை வலிக்க வலிக்க அந்த நீரை ஊற்றியவள் வீட்டு வேலைக்காரப் பெண். இன்று மின்சாரக் காற்றுக் குழாய் செய்யும் வேலையை அன்று அவள் செய்தாள். அன்னாவின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்க மீன், நீர்ச் செடி, நத்தை ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துச் சோதித்தார். மீன் விடும் கழிவு செடிக்கு உணவாகிறது. செடி ஒளியில் வெளியிடும் பிராணவாயு மீனுக்கு மூச்சாகிறது. அழுகும் இலையை நத்தை தின்று தீர்க்கிறது. 1850-இல் இதை வெளியிட்டார். பின்னர் கடல்நீரிலும் இதையே முயன்றார்.

வாரிங்டனுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அவர் நத்தானியேல் வார்ட் என்ற மருத்துவர். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுநாள் வாழும் என்பதை 1829-இல் கண்டுபிடித்தவர் அவர். இந்தப் பெட்டி நமக்கு மிக நெருக்கமானது. பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் 1876-இல் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் ஊன்றப்பட்டன. இரண்டாயிரத்துச் சொச்சமே முளைத்தன. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் வார்டின் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறி, கடல்காற்றின் உப்பு படாமல் இலங்கைக்கு வந்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் கன்றுகளின் வம்சம் பெருகியதால்தானே நம் பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்து இறங்கினார்கள்! உப்பு புகாமல் செடியைக் காத்த பெட்டியும், உப்புநீரை உள்ளே வைத்து மீனைக் காத்த பெட்டியும் ஒரே எண்ணத்தில் கிளைத்தவை. நம் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியது முதலாவது பெட்டி.

சரி, உப்புக்குத் திரும்புவோம். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்காக முதல் மீன் காட்சியகம் திறந்தது. மக்களுக்குக் கடல் தொட்டிப் பித்துப் பிடித்தது. கடலோரத்திலிருந்து பீப்பாயில் நீர் தருவிக்க வேண்டியிருந்தது. பணமும் அதிகம், வழியில் நீர் கெடுவதும் உண்டு. அப்போதுதான் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், கடல்நீரைப் பகுத்துப் பார்த்த இரசாயனக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, "பகுத்ததைத் திரும்பக் கூட்டினால் என்ன?" என்ற வழியில் சிந்தித்தார். 1854-இல் அவர் வகுத்த பாகம் இது: சாதாரண உப்பு மூன்றரை அவுன்ஸ், எப்சம் உப்பு கால் அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின், இவற்றைக் கரைக்க நான்கு குவார்ட் தண்ணீர், அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர்.

இந்தப் பெயர்கள் தோட்டத்தாருக்குப் புதியன அல்ல. எப்சம் உப்பைத் தோட்டத்து மருத்துவமனையில் வயிறு கழுவக் கொடுத்திருக்கிறார்கள். செம்பனைக்கு உரம் போடுகிறவர்கள் எம்.ஓ.பி. என்று வீசுவது பொட்டாசியம் குளோரைடு. கீசரைட் என்ற உரம் எப்சம் உப்பின் உடன்பிறப்பு. கடலில் இருப்பதும் உரக் கிடங்கில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றே! அதற்காக உர மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். உரத்தில் மண்ணும் வேறு கலப்பும் இருக்கும். மரத்துக்குப் பொறுக்கும், மீனுக்குப் பொறுக்காது.

காஸ் கலந்த நீரில் அவர் முதலில் கடற்பாசியை இட்டு, சில நாள் பொறுத்து, பிறகே உயிர்களை விட்டார். அவை வாழ்ந்தன. ஆனாலும் அவர் பாகத்தில் ஒரு குறை இருந்தது. அளவில் சிறியவை என்று கருதிச் சுண்ணாம்புச் சத்தையும் வேறு சிலவற்றையும் விட்டுவிட்டார். நண்டுக்கு ஓடு, சங்குக்குக் கூடு, பவளத்துக்கு எலும்பு, எல்லாமே சுண்ணாம்பினால் ஆனவை. சிறிதளவு என்பதற்காக எதையும் தள்ளிவிட முடியாது. இரசத்தில் பெருங்காயம் எவ்வளவு போடுகிறோம்?

உலகத்துக் கடல்களெல்லாம் ஒரே பாகம்தானா என்ற ஐயமும் இருந்தது. பல கடல்களின் நீரிலும் அதே பொருள்கள் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருப்பதாக 1819-இல் அலெக்சாண்டர் மார்செட் என்ற மருத்துவர் கூறியிருந்தார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் பல கடல்களிலும் நீர் மொண்டு வந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் அலசி, 1884-இல் முடிவை வெளியிட்டார். கடல்நீர் ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் நீர்த்தும் இருக்கலாம். ஆனால் உப்புகளுக்குள் உள்ள விகிதம் மாறுவதில்லை. ஒரு கிலோ பெருங்கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, சுண்ணாம்பும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். இந்த விகிதம் உறுதியானதால்தான் ஒரே பாகத்தை உலகம் முழுவதற்கும் மூட்டை கட்டி விற்க முடிகிறது. 1960-களில் அமெரிக்காவில் இத்தகைய கடலுப்புக் கலவை கடைச் சரக்காயிற்று.

சேமிக்கும் கலை வேறு வழியில் வளர்ந்தது. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அமைந்த மீன் காட்சியகத்தில் வில்லியம் லாயிட் என்பவர் ஓர் ஏற்பாடு செய்தார். மக்கள் பார்க்கும் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தொட்டியை நிலத்தடியில், வெளிச்சம் படாமல் கட்டினார். இயந்திரம் நீரை மேலே ஏற்றும். அது தொட்டிகளில் பாய்ந்து திரும்பக் கீழே இறங்கும். இருட்டில் பாசி பிடிக்காது. குளிர்ச்சியில் நீர் கெடாது. கசடு அடியில் படியும். நம் வீடுகளில் குடிநீர்ப் பானையை நிழலில் மூடி வைத்தார்களே, அதே அறிவுதான்.

நம்மவர் பக்கமும் இந்தக் கலை வந்தது. சென்னை மெரினா கடற்கரையில் 1909-இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. மலாயாவுக்குப் புறப்படும்முன் சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களில் சிலராவது அந்த மீன்களைப் பார்த்திருக்கக்கூடும். சிகாகோ நகரத்தின் கதை வேறு. 1930-இல் திறந்த ஷெட் மீன் காட்சியகத்துக்குக் கடல் வெகு தொலைவில் இருந்தது. இருபது தண்ணீர் வண்டிகள் பூட்டிய இரயிலை எட்டு முறை ஓட்டி, ஃபுளோரிடா மாநிலத்தின் கீ வெஸ்ட் கடலிலிருந்து பத்து இலட்சம் காலன் நீரைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவரும் செலவே அவர்களுக்கு நீரைச் சிக்கனமாகச் சேமிக்கக் கற்றுக்கொடுத்திருக்கும்.

நமக்கு அண்டை வீட்டுக்காரர் ஒருவரும் இந்த வரலாற்றில் உண்டு. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், பாறைத் துண்டுகளை அவற்றில் ஒட்டிய உயிர்களோடு தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழ் மட்டும் விட்டு, கடல் மீன்களை வளர்த்துக் காட்டினார். 1961-இல் அதை ஓர் அமெரிக்க ஏட்டில் எழுதினார். மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா என்ற நஞ்சை அப்பாறைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மாற்றி விடுகின்றன. மேல்நாட்டார் இயந்திரத்தை நம்பியபோது, இவர் பாறையை நம்பினார். இன்று உலகெங்கும் அந்த முறை பரவலாக வழக்கில் இருக்கிறது. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் மீனை விட்டால் நீர் எவ்வளவு சரியாகக் கலந்திருந்தாலும் மீன் தப்பாது.

"பினாங்கில் கடல் சும்மாதானே கிடக்கிறது, ஒரு வாளி மொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். ஜகார்த்தாக்காரருக்கு அன்று சுத்தமான கடல் கிடைத்தது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள நீர் அப்படிப்பட்டதன்று. பிறை ஆறும் பினாங்கு ஆறும் சேறும் நகரத்துக் கழிவும் கொண்டுவந்து சேர்க்கின்றன. கப்பல் போக்குவரத்தும் உண்டு. மழை பெய்தால் கரையோர நீரின் உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பகாங்கைத் தாண்டினால் நீர் சற்றுத் தெளியும். அங்கே மொண்டாலும் உடனே பயன்படுத்தக் கூடாது. மூடி, இருட்டில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்ததைக் குழாய் வழியாக மேலாக இறக்க வேண்டும். லாயிட் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

கலவை உப்பை வாங்கிக் கலப்பது எளிது. ஆனால் முறை உண்டு. குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் முன்பு ஹைப்போ என்று வைத்திருந்த சோடியம் தயோசல்பேட் அதைப் போக்கும். மீன் கடைகளில் சிறு புட்டியில் விற்கிறார்கள். முதலில் நீர், பிறகு உப்பு. உப்பின்மேல் நீரை ஊற்றினால், உப்பு மிகுந்த அந்த முதல் நீரிலேயே சுண்ணாம்பு வெண்ணிறமாகத் திரண்டு படிந்துவிடும், பிறகு கரையாது. இருபது லிட்டர் வாளிக்கு ஏறத்தாழ 700 கிராம். பெட்டியில் அச்சிட்ட அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம். சிறிது சிறிதாகத் தூவி, காற்றுக் குழாய் ஓட விட்டு, ஓர் இரவு கலங்க வைப்பது நல்லது.

அளந்து பார்க்க மிதவைக் கருவி உண்டு. பால் எடை போடும் இடத்தில் மெட்ரோலாக் பார்த்தவர்களுக்கு அது பழகிய பொருளே. ஒரே வேறுபாடு: பாலில் ரப்பர் அதிகமானால் பால் இலேசாகி மிதவை ஆழமாக இறங்கும், நீரில் உப்பு அதிகமானால் நீர் கனத்து மிதவை மேலே எழும். 1.025 என்ற கோட்டையொட்டி நின்றால் சரி.

தொட்டியில் நீர் வற்றும்போது பலர் உப்புநீரையே ஊற்றி நிரப்புகிறார்கள். வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே இருக்கிறது. நூறு லிட்டர் தொண்ணூறாகக் குறைந்தால் 35 கிராம் 39 ஆகிவிடும். அங்கே ஊற்ற வேண்டியது குளோரின் நீக்கிய நல்ல நீர். கழிவு நீரை எடுத்துவிட்டு மாற்றும்போதுதான் கலந்த உப்புநீர்.

எதில் சேமிப்பது? இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் தோம்புகளைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் பழைய தோம்புகள் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் கிடக்கலாம். வேறு மருந்துகளின் தோம்புகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பிளாஸ்டிக் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. அதில் வைத்த நீர் மீனைக் கொல்லும் என்பது சிறிய விஷயம். நாளைக்குக் குழாய் நீர் நின்றால் அதே தோம்பில்தான் குழந்தைக்கும் குடிநீர் பிடிப்போம். பால் உறைய வைக்கும் அமிலம் வந்த கலங்களுக்கும் இதே விதி. உணவுப் பண்டத்துக்கென்று செய்த புதிய வாளியோ, மூடியுள்ள தொட்டியோ போதும். இரும்பு, தகரம், செம்பு ஆகாது. உப்புநீர் அவற்றை அரித்து நஞ்சாக்கும். மின்சாரக் கம்பியில் உப்புநீர் வழிந்து செருகிக்குப் போகாதபடி, கம்பியைத் தொட்டிக்குக் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோய்ச் செருக வேண்டும்.

காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் எழுதிய நூலில், தன் தந்தை தொடங்கி வைத்த பித்தினால் இங்கிலாந்தின் கடற்கரைப் பாறைக் குளங்கள் சூறையாடப்பட்டதை வருந்திக் குறிப்பிட்டிருக்கிறார். நம் கடலிலும் அது நடக்கும். சில நாடுகளில் சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள். பவளம் மடிகிறது, அந்த மீனும் நெடுநாள் இருப்பதில்லை. பினாங்குக்கு வடக்கே உள்ள பாயார் தீவைச் சுற்றிய கடல் 1994-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு பவளத் துண்டை எடுத்தாலும் குற்றம். கடையில் வாங்கும்போது, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். அது பிடித்த மீனைவிடத் தொட்டிக்கு எளிதில் பழகும்.

உப்புப் பொட்டலத்தைப் பிரித்தால் நம் ஊர் ஈரக்காற்றில் கட்டி பிடித்துவிடும். இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கலந்த நீரை மூடி, நிழலில் வைத்தால் சில வாரம் தாங்கும். பயன்படுத்துமுன் மீண்டும் கலக்கி மிதவையைப் போட்டுப் பாருங்கள். மாற்றி எடுத்த பழைய நீரைக் கழிவுக் கால்வாயில் ஊற்றுங்கள். லயத்து ஓரத்தில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றினால் அவை பட்டுப்போகும்.